பவுனம்மாள் என்று தேடினால்

பவுனம்மாள் என்று தட்டினால் பிணம்தான் வந்தது. மசாலா வரவில்லை.

இதை ஸ்டெல்லாவுக்கு முதலில் சொன்னவர் வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிங்காரவேலு. காலை வெயிலில் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, உன் மசாலா பேர நெட்டுல போட்டா ஐஸ் பொட்டில ஒரு அம்மா படுத்துனு கெடக்குறாங்க. கஸ்டமரு என் மூஞ்சிக்கு நேரா காட்டறாரு. கவர்ல இருக்கறவங்கதானா இவங்கன்னு கேக்கறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"காலங்காத்தால இன்னா பேசறீங்க நீங்க?"

"நான் எங்கம்மா பேசறேன்? நெட்டு பேசுது. நீயே போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். முதலில் வந்தது இதுதான்: 'பாகூர் கொம்யூனில் ஐஸ் பெட்டி வாடகைக்கு. சேலியமேடு பவுனம்மாள் இல்லத்தில் எங்கள் சேவை.' கீழே படம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அம்மா. மூக்கில் பஞ்சு, விரல்களில் சுற்றிய ஜெபமாலை, தலைமாட்டில் ஊதுபத்தி. படத்துக்குக் கீழே ஒரு செல் நம்பரும், இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம் என்ற அழைப்பும் இருந்தன. அதற்கும் கீழே யாரோ நாலு நட்சத்திரம் போட்டு, 'பெட்டி நல்லா சில்லுனு இருந்தது' என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் குறைத்தான் பாவி என்று தெரியவில்லை.

தன் சொந்த வெப்சைட் எங்கே என்று ஸ்டெல்லா தேடிக்கொண்டே போனாள். நாலாவது பக்கத்தில், பவுன் விலை நிலவரத்துக்கெல்லாம் கீழே கிடந்தது.

பவுனம்மாள் செத்து அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. சேலியமேட்டில் அவள் அரைக்கும் குழம்பு மிளகாய்த்தூளுக்கு ஒரு பேர் இருந்தது. கல்யாணம் கட்டி, அது சரிப்படாமல் வீட்டுக்கே திரும்பி வந்த மகள் ஸ்டெல்லாதான் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொழிலாக்கினாள். பின்கட்டில் ஒரு அரவை மெஷின், வறுக்கவும் சலிக்கவும் ஐந்து பெண்கள், கவரில் அம்மாவின் முகம், ஒரு வெப்சைட். பேர்தான் முதல். பேர் போனால் அந்த மெஷினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

சரி, அந்தப் படம் எப்படி வந்தது? யாரும் திருடவில்லை. அதுதான் கேவலம். அவர்கள் சொந்தத்தில் சாவு விழுந்தால், கல்லறைக்கு எடுப்பதற்கு முன் குடும்பம் மொத்தமும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். யார் யார் வந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. படத்தில் இல்லாதவன் சாவுக்கு வராதவன். பத்து வருஷம் கழித்தும் ஆல்பத்தைப் புரட்டி, 'அவ அன்னிக்கு எங்க நிக்கறா காட்டு' என்று சண்டை போடுவார்கள். அதனால் மண்ணாடிப்பட்டிலிருந்து வந்தவர்கள், ஏம்பலத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். ஐஸ் பெட்டி கொண்டுவந்த அன்புராஜைத்தான் எடுக்கச் சொன்னார்கள். ஸ்டெல்லாவே சொன்னாள், "அண்ணே, எல்லாரும் விழற மாதிரி எடுங்க." அவர் ஸ்டெல்லாவின் போனில் ஒன்று எடுத்தார், தன் போனில் மூன்று எடுத்தார். படத்தில் எல்லாரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். பெரியம்மா மகன் ஒருவன் பழக்கதோஷத்தில் சிரிக்கக்கூடச் செய்கிறான்.

ஸ்டெல்லா நேராக வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு மாடியில் டிசைன் கடை வைத்திருப்பவன் மணிபாரதி. கண்ணீர் அஞ்சலி பேனரும் அவனே, காதுகுத்து பேனரும் அவனே. மசாலாவுக்குக் கவர் அடித்ததும் வெப்சைட் போட்டதும் அவன்தான்.

"பாத்தேன்க்கா," என்றான், நாற்காலியைத் திருப்பாமலே. "அன்புராஜு பேஜ் சும்மா சொல்லக்கூடாது, நல்லா பண்ணியிருக்காரு."

"எங்கம்மா பொணத்த பாத்து நல்லா பண்ணியிருக்காருன்னு சொல்ற. உனக்கு மூள இருக்குதா?"

"கோவப்படாதக்கா. உன் சைட்டுல பவுனம்மாள்னு தமிழ்ல எத்தினி எடத்துல இருக்குது, சொல்லு."

"எல்லா எடத்துலயும்தான்."

"ஒரு எடத்துலகூட இல்ல. கவர்ல இருக்கறது படம். தேடற மெஷினுக்கு அது வெறும் கலரு. மேல இங்கிலீஷ்ல போட்டோம். கீழ 'தலைமுறைகளின் நம்பிக்கை, தரத்தின் மறுபெயர்'னு போட்டுக்குது பாரு, அது வேற கம்பெனி சைட்டுல சுட்டது. அதையே இன்னும் எரநூறு பேரு சுட்டு வச்சிருக்கான்."

"நீதானடா சுட்ட?"

"அப்ப எனக்கே தெரியாதுக்கா," என்றான் வெட்கமே இல்லாமல்.

பிறகு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து விளக்கினான். நல்லா விளக்குவான், அதில் குறை சொல்ல முடியாது. தேடுபொறி என்பது ஒரு மெஷின். அதற்குப் பணக்காரன், ஏழை கிடையாது, நல்லவன், கெட்டவன் கிடையாது. ஜனங்கள் ஒன்று கேட்கிறார்கள், அதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கிறது. அங்கே இங்கே சுட்ட பதில் அதற்கு ஆகாது. அங்கேயே இருந்தவன், கையால் தொட்டவன், கண்ணால் பார்த்தவன் சொல்ல வேண்டும். படம் சொந்தப் படமாக இருக்க வேண்டும். எந்த ஊர், யார் வீடு என்று தெளிவாக இருக்க வேண்டும். வந்தவன் உடனே ஓடிவிடாமல் நின்று பார்க்க வேண்டும்.

"அன்புராஜு ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பேஜ் போடறாரு. ஊர் பேரு, செத்தவங்க பேரு, சொந்தப் படம். பவுனம்மாள்னு தமிழ்ல எழுதின ஒரே ஆளு இந்த ஒலகத்துலயே அவர்தான்க்கா. அது யாரக் காட்டும்?"

ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அவன் முன்னால் எதற்கு அழுவது?

"இத எறக்கறதுக்கு இன்னா வழி?"

"நீயும் எழுதணும். உண்மையா, உன் கைப்பட. இன்னொண்ணு, அந்த பேஜ யாரும் தொறக்காம பாத்துக்க. பாக்கப் பாக்க அது மேல ஏறும்."

இரண்டாவது சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி எழிலரசன் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். காலையில் உள்ளே நுழையும் முன் ஸ்டெல்லா போனில் அழுததைக் கேட்டு அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் கேட்டில் ஒப்படைத்திருந்த போனை வாங்கி, சொந்தக்கார குரூப், பங்குக் கோயில் குரூப், கம்பெனி குரூப் என்று ஒன்று விடாமல் லிங்கைத் தட்டிவிட்டான். 'எங்கள் தாயாரை அவமானப்படுத்தும் இந்தப் படத்தை அனைவரும் திறந்து புகார் செய்யுங்கள்.'

அனைவரும் திறந்தார்கள். புகார் செய்தவர்கள் எத்தனை பேரோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். மற்றவர்கள் தங்களைத் தேடினார்கள். பெரிதாக்கிப் பார்த்தார்கள். 'நான் செவப்பு சட்ட, மூணாவது.' 'ஏம்பலம் சித்தி கண்ண மூடிக்கீது பாரு.' 'என்ன ஏன்டா பாதி வெட்டிட்டான் அந்த ஐஸ் பொட்டிக்காரன்?' லிங்க் திறக்காதவர்கள் பவுனம்மாள் என்று தாங்களாகவே தட்டித் தேடினார்கள். பார்த்தவர்கள் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். மெஷினுக்கு வேறென்ன வேண்டும்? பாகூர் கொம்யூனில் உள்ள ஊர் மொத்தமும் இந்தப் பிணத்தைத்தான் கேட்கிறது என்று அது முடிவு செய்துகொண்டது.

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. பவுனம்மாள் என்று தட்ட ஆரம்பித்தாலே மிச்சத்தை மெஷின் தானாக நிரப்பியது. முதலில் 'பவுனம்மாள் ஐஸ் பெட்டி' என்றது. பிறகு 'பவுனம்மாள் மசாலா சாவு' என்றது. பிறகு 'பவுனம்மாள் எப்படி செத்தார்' என்று கேட்டது. கவரில் இருக்கும் முகமும் பெட்டிக்குள் இருக்கும் முகமும் ஒன்று. மசாலா ஒரு பக்கம், சாவு ஒரு பக்கம். நடுவில் இருப்பதை ஜனங்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். மிளகாய்த்தூளில் என்னமோ கலந்திருக்கிறதாம், அரைத்த கிழவியே அதைத் தின்று போய்விட்டாளாம். மண்ணாடிப்பட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, தன் மனைவிக்கு ஒரு மாதமாக வயிற்றுவலி, நஷ்டஈடு எங்கே கேட்பது என்று விசாரித்தார்.

சிங்காரவேலு ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாக்கெட்டுகளை ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். பாகூரில் இரண்டு கடைக்காரர்கள் தாங்களே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மிளகாய் வறுக்கும் தையலம்மாள் அடுக்கிவைத்த பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எங்க வூட்லயும் இதத்தான் போட்டு ஆக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே! இன்னா ஜனங்கடி இதுங்க," என்றாள். மறுநாள் அவளும் வேலைக்கு வரவில்லை. கேட்டதற்கு மருமகள் விடமாட்டேன் என்கிறாளாம்.

ஸ்டெல்லா அன்புராஜின் வீட்டுக்கே போனாள். வாசலில் நாலு கண்ணாடிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். நல்ல மனுஷன் மாதிரித்தான் எழுந்து நாற்காலி போட்டார்.

"அண்ணே, அந்தப் படத்த எடுத்துடுங்க. உங்க கால்ல வுழறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா. ஒக்காரு. அந்த ஒரு பேஜாலதான் பாகூர் சைடே எனக்கு வருது. முன்ன அங்க எவனும் என்னக் கூப்பிட மாட்டான். இப்பப் பாரு, நேத்துகூட குருவிநத்தத்துல ஒரு சாவு, உங்கம்மா படத்தப் பாத்துட்டுதான் அதே மாதிரி பொட்டி வேணும்னு கேட்டாங்க. அத எப்படிம்மா எடுக்கறது?"

"எங்கம்மாவ மசாலா கொன்னுச்சுன்னு பேசறாங்க."

"கொல்லல இல்ல? அப்ப எப்படி செத்தாங்கன்னு நீ எழுதிடேன்."

"தூக்கத்துல போயிட்டாங்க. மாரடைப்பு. ஒங்களுக்குத் தெரியாதா?"

அன்புராஜ் கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினார். குரலை உயர்த்தவில்லை. "ஸ்டெல்லா, பொட்டில தூக்கி வச்சவன் நான். கழுத்துக்குக் கீழ கை குடுத்தேன் பாரு, என் முழங்கை வரைக்கும் எறும்பு ஏறுச்சு. நகத்துக்குள்ள பூரா பாசி. புதுப் பொடவ கட்டிட்டீங்க, பின்னந்தலைல காஞ்ச ரத்தத்த யாரும் கழுவல. கட்டில்ல தூங்குனவங்களுக்கு பாசி எங்கேர்ந்தும்மா வரும்? நான் யார் கிட்டயாவது வாயத் தொறந்தனா? ஆயிரம் சாவு பாத்தவன், எனக்குத் தெரியும் எத பேசணும், எத பேசக்கூடாதுன்னு. நீயும் அப்படியே இருந்துட்டுப் போ."

மிரட்டினாரா, ஆறுதல் சொன்னாரா, இன்றுவரை ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

நடந்தது இதுதான். சாவதற்கு மூன்று நாள் முன்னால் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. புதுக் கவர் அடிக்க அம்மாவின் முகத்தை இன்னும் பெரிதாகப் போட வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. "என் மூஞ்சிய காயிதத்துல ஒட்டி வித்துப் பொழைக்கறியாடி? பிச்சிட்டு குப்பைல போடறானுங்க, மாடு மிதிக்குது," என்றாள் பவுனம்மாள். மகள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அது தடித்துப் போய் மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் ஸ்டெல்லா யாரிடமும் சொல்லாமல் வில்லியனூர் வந்து மணிபாரதி கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அம்மாவின் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "கன்னத்த கொஞ்சம் வெளுப்பாக்கு, மணி. அந்த மருவ எடுத்துடு."

அப்போதுதான் போன் வந்தது. அம்மா. ஸ்டெல்லா கட் செய்தாள். மறுபடி வந்தது, மறுபடி கட் செய்தாள். பிறகு போனைச் சத்தமில்லாமல் செய்து கவிழ்த்துவைத்தாள். அது மேஜைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. "யாருக்கா, எடேன்," என்றான் மணிபாரதி. "வேல இல்லாதவங்க," என்றாள் ஸ்டெல்லா. ஒன்றேகாலுக்கு அதிர்வது நின்றது. கிழவிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நிம்மதியாகக் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட்டாள்.

அன்று மிளகாய் வராததால் வேலைக்காரப் பெண்களுக்கு லீவு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். பின்கட்டில் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்த பவுனம்மாள் எழுந்திருக்க முடியாமல், இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். மகனைக் கூப்பிடவில்லை, அவன் கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு தடவை. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் ஸ்டெல்லா வந்தபோது உடம்பு விறைத்திருந்தது.

ஸ்டெல்லா ஒற்றை ஆளாக அம்மாவை இழுத்துக் கட்டிலில் போட்டாள். புடவை மாற்றினாள். அப்புறம்தான் வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். வந்த டாக்டர் கதவருகே நின்று பார்த்துவிட்டு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். தம்பிக்கும் அதையேதான் சொன்னாள். போனில் அந்தப் பதினோரு வரிகளையும் அழித்துவிட்டாள். இவ்வளவு வேலையும் அழுதுகொண்டேதான் செய்தாள், அழுகை பொய்யில்லை.

இப்போது மெஷின் கேட்டது: பவுனம்மாள் எப்படி செத்தார்?

ஸ்டெல்லா முதலில் பொய்யைத்தான் எழுதினாள். 'எங்கள் அன்புத் தாயார் பவுனம்மாள் அவர்கள் தூக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். எங்கள் மசாலா நூறு சதவீதம் தூய்மையானது.' மணிபாரதி அதைச் சைட்டில் ஏற்றினான். இரண்டு வாரம் பார்த்தார்கள். அது பவுன் விலையைக்கூடத் தாண்டவில்லை. திரும்பி வந்த பாக்கெட்டுகளில் வண்டு விழ ஆரம்பித்தது. ஐந்து பெண்களில் இருவர்தான் மிச்சம், அவர்களும் எப்போது அரவை மெஷினை விற்பாய் என்று ஜாடையாகக் கேட்டார்கள். வெளியே பிள்ளைகள்கூட 'சாவு மசாலா' என்று கத்திவிட்டு ஓடினார்கள். செத்த பிறகும் அம்மாவை விஷம் வைத்தவளாக்கிவிட்டோமே என்று ஸ்டெல்லாவுக்கு நெஞ்சு எரிந்தது.

"இது வேலைக்காவாதுக்கா," என்றான் மணிபாரதி. "இந்த மாதிரி எவன் வேணா எழுதலாம். நானே பேனர்ல தெனம் எழுதறேன். மெஷினு இத ஆயிரம் பாத்திருக்கும். உனக்கு மட்டும் தெரிஞ்சது எதுனா இருக்குதா? கூட இருந்தவங்கதான் சொல்ல முடியும்ன்ற மாதிரி? மணிக்கணக்கு, எடம், இன்னா நடந்துச்சு, அப்படி. அந்த மாதிரி இருந்தா சொல்லு, ஒரே வாரத்துல மொத எடம்."

ஸ்டெல்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மேஜைமேல் போன் அதிர்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவன் இவன்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. இருந்திருந்தாலும் அதையும் ஒரு நல்ல பேஜுக்கு ஆகும் என்றுதான் சொல்லியிருப்பான்.

வீட்டுக்கு வந்து எழுதினாள். மத்தியான வெயிலில், அம்மா விழுந்த குழாயடிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். 'எங்கம்மா பவுனம்மாள் மசாலாவால் சாகவில்லை. காலை பதினொன்றே காலுக்குப் பின்கட்டில் வழுக்கி விழுந்தாள். எனக்குப் பதினோரு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அவள் முகத்தை மசாலா கவருக்காக அழகுபடுத்திக்கொண்டிருந்தேன்.' எறும்பை எழுதினாள், பாசியை எழுதினாள், பிரியாணியையும் எழுதினாள். பவுனம்மாள் என்ற பேர் தமிழில் எத்தனை தடவை வந்தது என்று அவள் எண்ணவில்லை. கூசாமல் எழுதினாளா என்றால், உடம்பெல்லாம் கூசித்தான் எழுதினாள். ஆனால் எழுதினாள்.

மணிபாரதி படித்து முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் பார்த்தான். பிறகு, "தலைப்புல அந்தக் கேள்வியவே வச்சிடலாம்க்கா," என்றான்.

மெஷின் ஒரே வாரத்தில் அவளைத் தூக்கி உச்சியில் வைத்தது. ஜனங்கள் படித்தார்கள், கடைசி வரி வரை நின்று படித்தார்கள், மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். அன்புராஜின் படம் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது. பவுனம்மாள் எப்படி செத்தார் என்று யார் தட்டினாலும், மெஷின் இப்போது லிங்க்கூடக் காட்டுவதில்லை. ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் பதிலையே எடுத்து வைத்தது: 'எனக்குப் பதினோரு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.' அதற்குக் கீழே, இதையும் கேட்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. பவுனம்மாள் மகள் ஏன் போன் எடுக்கவில்லை? பவுனம்மாள் மகள் பெயர் என்ன? பவுனம்மாள் மகள் எந்த ஊர்?

"அதுக்கும் தனித்தனியா பேஜ் போட்டுடலாம்க்கா," என்றான் மணிபாரதி.

எழிலரசன் அதைக் கம்பெனி கேன்டீனில்தான் படித்தான். கூட வேலை பார்ப்பவன் ஒருவன், 'இது உங்கம்மாதானே' என்று காட்டினானாம். சாயங்காலம் போன் செய்தான். ஸ்டெல்லா திட்டுக்குக் காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றான். "நான் இன்னொரு தடவ உள்ள போயிப் படிச்சா அது இன்னும் மேல ஏறுமா?"

"ஏறும்டா."

"அப்ப படிக்கல," என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் சேலியமேட்டுக்கு வரவில்லை.

ஆனால் மசாலா பிழைத்துக்கொண்டது. கிழவியை மசாலா கொல்லவில்லை, மகள்தான் என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. சிங்காரவேலு இரண்டு பங்கு அனுப்பச் சொன்னார். "படிச்சி அழுதுட்டேம்மா. கடைக்கு வர்ற எல்லாருக்கும் காட்டறேன்," என்றார். தையலம்மாள் மருமகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். இருவரும் வறுத்துக்கொண்டே ஸ்டெல்லாவை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். குழாயடி எது என்று மருமகள் மெதுவாகக் கேட்பதும், தையலம்மாள் கண்ணால் காட்டுவதும் ஸ்டெல்லா காதிலும் கண்ணிலும் படத்தான் செய்தன.

ஆவணி மாதம் பாகூரில் மகளிர் குழுக்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். சிறுதொழில் செய்யும் பெண்கள் வெப்சைட்டை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது என்று பேச மணிபாரதியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ஸ்டெல்லாவையும் வரச் சொன்னான். வரமாட்டேன் என்றாள். "நீதான்க்கா எக்ஸாம்பிளே," என்றான். ஐந்து பெண்களுக்கு வேலை, தொழிலுக்கு விளம்பரம் என்று என்னென்னமோ சொல்லி இழுத்துக்கொண்டு வந்து, மேடையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான்.

ஊறுகாய், அப்பளம், ஊதுபத்தி, தையல் என்று முப்பது பெண்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மணிபாரதி சுவரில் பெரிதாக அந்தப் பக்கத்தைக் காட்டினான். கட்டத்துக்குள் ஸ்டெல்லாவின் வாக்கியம் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. "மொத எடம்! காசு குடுத்து விளம்பரம் பண்ணல, குறுக்கு வழி எதுவும் பண்ணல. ஜனங்க இன்னா கேட்டாங்க, அதுக்கு நேரா பதில் சொன்னாங்க. சொந்த அனுபவம். வேற யாராலயும் எழுத முடியாது. மெஷினுக்கு வேண்டியது இதுதான். அக்காவுக்கு ஒரு தடவ கை தட்டுங்க."

எல்லாரும் தட்டினார்கள். மனசாரத்தான் தட்டினார்கள், ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா கும்பிட்டாள். வேறென்ன செய்வது?

மணிபாரதி மைக்கை அவள் கையில் கொடுத்தான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் அக்காவையே கேட்கலாம் என்றான்.

இரண்டாவது வரிசையில் குருவிநத்தத்துச் செல்வகுமாரி எழுந்து நின்றாள். மாங்காய் ஊறுகாய் போடுகிறவள். ஆறு மாதமாகச் சைட் வைத்திருக்கிறாளாம், ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லையாம். கேலி, கிண்டல் எதுவும் இல்லை அவள் முகத்தில், படிக்க வந்த பிள்ளையின் கவலைதான் இருந்தது.

"அக்கா, எங்க வூட்ல அந்த மாதிரி யாரும் சாவலியேக்கா," என்றாள். "நாங்க இன்னா எழுதறது?"

யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே சந்தேகம்தான் போலிருக்கிறது. முப்பது பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் வாயையே பார்த்தார்கள்.